கடிபட்ட கொழுந்து

மார்ச் 3

மழை.

இந்த ஒரு சொல்லை எழுதி முடிப்பதற்குள் பென்சில் முனை இரண்டு முறை உடைந்துவிட்டது. எழுதிவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தாளில் இருப்பதுதான் வெளியிலும் பெய்துகொண்டிருந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

தினமும் கொஞ்சம் எழுதுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம், தப்பு வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று ஆசிரியை ஷூ சொல்லியிருக்கிறார். என்ன எழுதுவது? தெரிந்ததை எழுதுகிறேன். என் பெயர் சுய்லோய். வயது எழுபத்தாறு. எமெய் மலைச்சரிவில் தேயிலை வைத்திருக்கிறேன். என் மனைவி பெயர் யுங்மோய். இரண்டு பெயரையும் புத்தகத்தைப் பார்க்காமல் எழுதினேன். அவள் பெயர்தான் அழகாக வந்திருக்கிறது.

மார்ச் 8

செவ்வாயும் வியாழனும் மாலையில் வகுப்பு. ஆரம்பப் பள்ளியின் குட்டி பெஞ்சுகள். உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கிறது. வகுப்பில் நான் ஒருவன்தான் ஆண். மற்ற எல்லோரும் என் வயதுக் கிழவிகள். என்னைத் 'தலைவரே' என்று கூப்பிட்டுக் கரும்பலகையைத் துடைக்க வைக்கிறார்கள். துடைக்கிறேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

போன வருஷம் யுங்மோயையும் வரச் சொன்னேன். "எழுத்து தெரியாமலே உன்னை இத்தனை வருஷம் மேய்ச்சிட்டேன். எனக்கு மூக்கு இருக்கு, அது போதும்" என்றாள். உண்மைதான். இந்தச் சரிவில் அவள் மூக்குக்குத் தனி மரியாதை. மூங்கில் தட்டில் வாடும் கொழுந்தைக் குனிந்து முகர்ந்து "இப்ப" என்பாள். அந்தச் சொல் வந்த பிறகுதான் அடுப்பு மூட்டுவோம். அதுவரை கொட்டகையில் வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. எங்கள் வீட்டு வழக்கம் அது.

இந்த வாரமும் கூப்பிட்டுப் பார்த்தேன். துணி மடித்துக்கொண்டே இருந்தாள்.

மார்ச் 13

களை பிடுங்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் முற்றம்வரை கருகல் வாடை. ஓடிப் போய்ப் பார்த்தேன். சோறு அடிப்பிடித்துப் புகைந்துகொண்டிருக்கிறது. அடுப்பிலிருந்து கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்து அவள் கடுகுக் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள்.

"உட்கார்ந்துகிட்டே தூங்குறியா?" என்று கேட்டேன். எழுந்து பானையை இறக்கினாள். "கருகினது உனக்கு, வெள்ளைச் சோறு எனக்கு" என்றாள். சொன்னபடியே போட்டாள்.

புத்தாண்டில் வந்த காய்ச்சல் அவளை இன்னும் விடவில்லை போலிருக்கிறது. மந்தமாகவே இருக்கிறாள்.

ஏப்ரல் 5

கல்லறை சுத்தம் செய்யும் நாள். ஜுதொங்கிலிருந்து மகள் சியூலான் வந்திருந்தாள்.

இன்று பெரிய காரியம் ஒன்று நடந்தது. கல்லில் இருந்த பெயர்களை வாசித்தேன். என் அப்பா பெயர். தாத்தா பெயர். விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தேன். இத்தனை வருஷமாகத் தாத்தா என்று நினைத்து அவருடைய தம்பியின் பெயருக்கு நேராக நின்று கும்பிட்டிருக்கிறேன்! சின்னத் தாத்தாவுக்கு இரட்டைப் பங்கு கிடைத்திருக்கிறது. பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அம்மாவும் மகளும் மேட்டுக்குப் பின்னால் புல் வெட்டப் போய் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வரும்போது சியூலானுக்குக் கண் சிவந்திருந்தது. ஊதுபத்திப் புகை என்றாள்.

ஏப்ரல் 19

தேயிலை ஆய்வு நிலையத்திலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். டாக்டர் வென். மருந்து கொடுக்கும் டாக்டர் இல்லை, படித்த டாக்டர். கார் நிறையக் கம்பிகள். நாங்கள் மருந்து அடிக்காத தோட்டக்காரர்கள் என்பதால் கீழ் வரிசைகளைக் கேட்டாள். எடுத்துக்கொள் என்றேன்.

முடி போல மெல்லிய கம்பியை ஒரு இலைக் காம்பில் ஒட்டினாள். பெட்டியில் ஒரு கோடு ஓடியது, காற்றில்லாத நாளில் ஏரி இருப்பதைப் போல. பிறகு அதே கிளையில் வேறு ஒரு இலையை ஊசியால் குத்தினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கோடு மெல்ல எழும்பி ஒரு மேடாகி இறங்கியது. குத்தியது அங்கே, மேடு இங்கே.

"பார்த்தீங்களா பெரியப்பா? அடி அந்த இலைக்கு. சேதி இந்த இலைக்கு வந்துடுச்சு."

செடிக்கு நரம்பு ஏது என்று கேட்டேன். நரம்பு இல்லை, ஆனால் சாறு ஓடும் குழாய் வழியாகச் சேதி ஓடுகிறது, குத்துப்படாத இலையும் உடனே தன்னைத் தயார் பண்ணிக்கொள்கிறது என்றாள். ஊசியைக் கொடு என்று வாங்கி நானும் ஒரு முறை குத்தினேன். மேடு வந்தது. இன்னொரு முறை. வந்தது. சின்னப் பையன் மாதிரி ஆகிவிட்டேன். பிறகுதான் சங்கடமாயிற்று.

"வலிக்குமா அதுக்கு?"

"வலிக்குதான்னு எனக்குத் தெரியாது பெரியப்பா. ஆனா தெரிஞ்சுக்குது. தெரிஞ்சதை மத்த இலைக்குச் சொல்லுது."

யுங்மோயைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாவம், அதைச் சும்மா விடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மே 3

மலை முழுக்க எண்ணெய்மரப் பூ உதிர்ந்து வெள்ளையாகக் கிடக்கிறது. டாக்டர் வென் இன்று கொழுந்துகளின் மேல் கண்ணாடித்தாள் பையைக் கட்டி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி ஒரு குழாயில் பிடித்தாள். அதில் வாசம் இருக்கிறதாம். பூச்சி கடித்த கொழுந்து உள்ளுக்குள் மட்டும் இல்லை, வெளியிலும் சேதி விடுகிறதாம். அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டு சிலந்தி வந்து பூச்சியைத் தின்னும் என்று நினைக்கிறார்களாம்.

"அப்ப எங்க தேநீர்ல வர்ற தேன் வாசம்?" என்று கேட்டேன்.

"அதேதான். உங்களைக் கூப்பிடல, சிலந்தியைக் கூப்பிடுது. நடுவுல நீங்க பறிச்சுடுறீங்க."

விழுந்து விழுந்து சிரித்தேன். இன்னொன்றும் சொன்னாள். பறித்த பிறகும் இலை சாவதில்லை. தட்டில் போட்டுக் கிளறும்போது ஓரம் ஓரமாக அடிபடுகிறது. அடிபட அடிபட வாசத்தை விட்டுக்கொண்டே இருக்கிறது. சட்டியில் சூடு ஏறினால்தான் அதன் பேச்சு நிற்கும். யுங்மோய் "இப்ப" என்பது அந்தப் பேச்சைக் கேட்டுத்தான்.

யுங்மோய் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது மோந்து பார்த்துச் சொல்லுமா?" என்று கேட்டாள்.

"சொல்லும் பெரியம்மா. ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போகணும். ரெண்டு வாரம் ஆகும்."

"ரெண்டு வாரத்துல கொழுந்து சருகாயிடுமே."

எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். உனக்கு எதற்கடி குழாய், உன் மூக்கைத்தான் இவர்கள் குழாயில் அடைத்துக்கொண்டு போக வேண்டும் என்றேன்.

மே 22

வந்துவிட்டார்கள் விருந்தாளிகள்.

பச்சைத் தத்துப்பூச்சி. எள்ளை விடச் சின்னது. செடியைத் தட்டினால் தூசி மாதிரி பறக்கும். வேறு ஊரில் இதைக் கண்டால் மருந்துத் தெளிப்பானைத் தூக்குவார்கள். நாங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்போம். கடிபட்ட கொழுந்து மஞ்சளாகிச் சுருண்டு, துருப்பிடித்த மாதிரி ஆகிவிடுகிறது. வளர்ச்சி நின்றுவிடுகிறது. பார்க்கச் சகிக்காது. அதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த வருஷம் கடித்திருப்பதைப் போல நான் பார்த்ததில்லை.

வரிசைக்கு நடுவே யுங்மோய் மெதுவாக நடந்தாள். ஒரு கொழுந்தைக் கிள்ளி விரலில் கசக்கி மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு கீழே போட்டாள். எப்படி என்று கேட்டேன்.

"கைக்கு நல்லா இருக்கு" என்றாள்.

மே 31

ஒவ்வொருவரும் ஒரு கட்டுரை எழுதி ஜூன் ஒன்பதாம் தேதி வகுப்பில் நின்று வாசிக்க வேண்டுமாம். நான் தேயிலைச் செடியைப் பற்றி எழுதப் போகிறேன். செடி தன் காயத்தை மற்ற இலைக்கு எப்படிச் சொல்கிறது என்று. இரண்டு பக்கம் வரும். இரண்டு பக்கம்!

ஜூன் 6

படகுத் திருநாள். சியூலான் வந்திருந்தாள். யுங்மோய் இலையில் கட்டி அவித்த அரிசி உருண்டை செய்தாள். உள்ளே வைத்த காய்ந்த முள்ளங்கியில் பூஞ்சை வாடை. ஒரு வாய் வைத்ததும் துப்பிவிட்டேன். ஜாடி திறந்து கிடந்ததா என்று கேட்டேன். "உன் நாக்குக்கு வயசாச்சு கிழவா" என்று சொல்லி அவள் தின்றுகொண்டே இருந்தாள். சியூலானும் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் தின்றாள். எனக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை போலும்.

ஜூன் 9

இன்று பறிப்பு. வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. பறிக்கிற பெண்கள் விடியும்போதே வந்துவிட்டார்கள். மாலையில் வாசிப்பு. ஒரே நாளில் இரண்டு திருவிழா.

ஜூன் 9, வகுப்பு முடிந்து வந்து

கை தட்டினார்கள்! எல்லாக் கிழவிகளும். ஆசிரியை ஷூ எழுந்து நின்று தட்டினார். "தலைவரே, எங்க வீட்டுக்காரர் ஒருத்தர் இருக்கார், அவர் மரமா செடியான்னு பார்த்துச் சொல்லுங்க" என்றாள் ஒருத்தி. பெஞ்சு ஆடச் சிரித்தோம்.

இன்னொரு பெருமையும் உண்டு. இத்தனை வருஷம் என்னைத் தட்டுப் பக்கமே விடாதவள் இன்று தானாக என்னைக் கூப்பிட்டாள். வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"இந்தா, நீ கொஞ்சம் மோந்து பாரு."

குனிந்து பார்த்தேன்.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. தேன் மாதிரி இருக்கு."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அடுப்பை மூட்டினாள். வழக்கமாக இருட்டி வெகுநேரம் கழித்துத்தான் மூட்டுவோம். இந்த வருஷம் பூச்சி நன்றாகக் கடித்திருக்கிறது, அதுதான் சீக்கிரம் வந்துவிட்டது.

திரும்பி வந்து அவளுக்கும் கட்டுரையை முழுவதும் வாசித்துக் காட்டினேன். உருட்டிய கொழுந்தின் முன்னால் உட்கார்ந்து கடைசிவரை கேட்டாள். "நல்லா எழுதியிருக்கே" என்றாள்.

ஜூன் 18

எழுதவே பிடிக்கவில்லை.

ஜூன் 19

யுங்மோய் காலை பஸ்ஸில் சியூலான் வீட்டுக்குப் போய்விட்டாள். சோறு ஆக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஜூன் 20

நேற்று முன்தினம் நடந்ததை எழுதிவிடுகிறேன். எழுதினால் நெஞ்சு இறங்குமா பார்க்கலாம்.

கடைக்காரர் போங் வந்திருந்தார். வருஷா வருஷம் முதல் ருசி அவருக்குத்தான். கூடவே நகரத்து வாடிக்கையாளர்கள் இரண்டு பேரை அழைத்து வந்திருந்தார். யுங்மோய் தேநீரை வார்த்தாள். போங் உறிஞ்சினார். வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "இந்த வருஷம் மழை எப்படி அண்ணே?" என்று கேட்டார். பிடிக்கவில்லை என்றால் பேச்சை மாற்றுவது அவருடைய வழக்கம், எனக்குத் தெரியும். கோப்பையில் பாதி அப்படியே இருந்தது. நானும் ஒரு வாய் குடித்தேன். பச்சைப் புல். வெட்டிப் போட்ட பச்சைப் புல்.

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு முகம் எரிந்தது. எங்கள் தேயிலைக்கு ஊரில் பீற்றல் தேயிலை என்றே ஒரு பேர் உண்டு. பீற்றிக்கொள்ள ஒன்றும் இல்லாமல் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போது வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன்:

"வயசாயிடுச்சு இவளுக்கு. மூக்கும் கூடவே போயிடுச்சு."

வந்தவர்கள் சிரித்தார்கள். போங் சிரிக்கவில்லை. "அண்ணி கையில ஒரு தடவை தப்பினா என்ன" என்றார். யுங்மோய் கெண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே தண்ணீர் பிடிக்கப் போனாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கெண்டி நிரம்பி வெகுநேரம் ஆகியிருக்கும்.

அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீதானே வந்துவிட்டது என்றாய் என்று. எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நான் அன்றைக்கு மோந்து பார்த்தேனா? குனிந்தேன். குனிந்தது உண்மை. வண்டிச் சாவி கையில் இருந்தது. சட்டைப் பையில் கட்டுரை. வாயில் புகையிலை நாற்றம். தேன் என்று சொன்னால் போய்விடலாம்.

அதுதான் நடந்தது.

ஜூன் 22

சியூலான் தொலைபேசியில் பேசினாள். அம்மா தூங்குகிறாள் என்று மெல்லிய குரலில்.

புத்தாண்டுக் காய்ச்சலுக்குப் பிறகு யுங்மோய்க்கு மூக்கில் எதுவுமே தெரிவதில்லையாம். எதுவுமே. புகை, பூ, ஊதுபத்தி, கெட்டுப்போன முள்ளங்கி, எதுவும். ஜுதொங் ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறார்கள். திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றிருக்கிறார்கள்.

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"நான் சொல்லணும்னுதான் சொன்னேன்பா. அம்மாதான் வேண்டாம்னாங்க. 'அவரு பள்ளிக்கூடம் போற சந்தோஷத்துல இருக்காரு, இப்ப போய் அதைக் கெடுக்காதே'ன்னாங்க."

போனை வைத்துவிட்டேன்.

என்ன மனுஷன்டா நீ. சோறு கருகுது, பக்கத்துல உட்கார்ந்திருக்கா. பூஞ்சையைத் திங்குறா. குழாய் மோந்து சொல்லுமான்னு கேக்குறா. எதுக்குக் கேக்குறா? வேற எதுக்குக் கேப்பா? நீ பல்லைக் காட்டிக்கிட்டு நின்னே. ஒரு இலையைக் குத்தினா இன்னொரு இலைக்குத் தெரியுதுன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டு அலைஞ்சே. கை தட்டினாங்கன்னு வந்து அவகிட்டயே வாசிச்சுக் காட்டினே.

அவள் கேட்டாள். கடைசிவரை கேட்டாள்.

ஜூலை 2

வகுப்புக்குப் போகவில்லை. தலைவருக்கு என்ன ஆயிற்று என்று ஆள் விட்டுக் கேட்டிருக்கிறார்கள். வயிற்றுக்குச் சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூலை 7

டாக்டர் வென் வந்தாள். மே மாதம் குழாயில் பிடித்த காற்றின் கணக்கைத் தாளில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். யுங்மோய் ஊரில் இல்லை என்று மட்டும் சொன்னேன். அவள் தாளை என் கையில் கொடுத்துவிட்டு வரிசைகளுக்குள் இறங்கிப் போனாள்.

வாசித்தேன். எங்கள் கீழ் வரிசைக் கொழுந்துகளில்தான் வாசம் மிக அதிகம். அவள் அளந்த எந்தத் தோட்டத்தையும் விட அதிகம். ஒவ்வொரு எழுத்தாக, விரல் வைத்து, தப்பில்லாமல் வாசித்தேன்.

வாசிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாமே என்று முதல் முறையாக நினைத்தேன்.

ஜூலை 13

ஜுதொங்குக்குப் போனேன். பஸ் பலகையை நானே படித்து ஏறினேன். இறங்கும் இடத்தையும் நானே படித்தேன். வழியெல்லாம் கடைப் பெயர்களை வாசித்துக்கொண்டே போய், பாதியில்தான் எதற்குப் போகிறேன் என்பது ஞாபகம் வந்தது. வெட்கமாகிவிட்டது.

யுங்மோய் கதவைத் திறந்தாள். சாப்பாடு போட்டாள். கோழி எப்படி இருக்கிறது, மேல் வரிசைக் களை எடுத்தாயா, கூரை ஒழுகுகிறதா என்று எல்லாம் கேட்டாள். சொல்ல வேண்டியதைப் பஸ்ஸில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாய் வரவில்லை. கூரை ஒழுகவில்லை என்று சொன்னேன். கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஒரு பொட்டலம் கொடுத்தாள்.

"இதுல மீன் இருக்கு. கெட்டிருக்கா நல்லா இருக்கான்னு எனக்குத் தெரியாது. பார்த்துச் சாப்பிடு."

சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மீன் நன்றாகவே இருந்தது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூலை 15

புகையிலையைக் குப்பையில் போட்டேன்.

ஜூலை 24

காலையில் எழுந்ததும் முகர்ந்து பழகுகிறேன். கிணற்றடிப் பாசி. கோழிக்கூண்டு. மழைக்கு முன் மண் ஒரு மாதிரி, பின் ஒரு மாதிரி. வெங்காயத் தாளும் பூண்டுத் தாளும் வேறு வேறு. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கு இப்போதுதான் தெரிகிறது. ஒவ்வொன்றையும் அவளிடம் கேட்க வேண்டும் போலிருக்கிறது. கேட்க அவள் இல்லை. இருந்தாலும் அவளுக்குத் தெரியப் போவதில்லை.

ஆகஸ்ட் 19

யிமின் கோயில் திருவிழா. வெளியூரில் இருக்கிறவர்கள் எல்லாம் ஊருக்கு வந்துவிடும் நாள். வருவாளா என்று காலையிலிருந்து பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தாள். சியூலான் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனாள்.

யுங்மோய் நேராகச் சமையலறைக்குள் போய்ப் பானைகளைத் திறந்து பார்த்தாள். "இதையெல்லாம் கழுவினியா, நக்கி வெச்சியா?" என்றாள்.

நான் வாசல்படியிலேயே நின்று சொன்னேன்.

"அன்னைக்கு நான் மோந்தே பார்க்கல. வகுப்புக்கு நேரமாச்சு. சும்மா சொன்னேன்."

"தெரியும். வண்டிச் சாவி கையில இருந்துச்சே."

"தெரிஞ்சும் ஏன் அடுப்பை மூட்டினே?"

அவள் பானையைக் கவிழ்த்து வைத்தாள்.

"உன்னை நம்பலேன்னா நான் வேற யாரைக் கேக்குறது?"

போங் முன்னால் சொன்னதற்கும் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "கோயிலுக்கு நேரமாச்சு, சோத்துக் கூடையை எடு" என்றாள். காவடிக்கழியில் கட்டிப் படையல் சோற்றைத் தூக்கிக்கொண்டு போனோம். கோயில் முழுக்க ஊதுபத்திப் புகை. அவள் கண்ணில் நீர் வந்தது. மற்றவர்கள் எல்லோருக்கும் வந்ததுதான்.

சாயங்காலம் சியூலான் தனியாகத் திரும்பிப் போனாள்.

செப்டம்பர் 6

இரண்டாம் கொழுந்தில் கொஞ்சம் கடிபட்டிருக்கிறது. ஒரு தட்டுக்குத் தேறும். நாளை மறுநாள் பறிக்கலாமா என்று கேட்டேன். "கொட்டகைக்கு நான் வர மாட்டேன்" என்றாள்.

செப்டம்பர் 8

நாங்கள் இருவர் மட்டும் பறித்தோம். வெயிலில் வாடவைத்துக் கொட்டகைக்குள் கொண்டுபோனேன். அவள் வெளியே கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். போட்டுக்கொண்டே இருந்தாள். கோழிகளே சலித்துப் போய் நகர்ந்துவிட்டன. பிறகு உள்ளே வந்தாள்.

"சொல்லு. என்ன வாசம்?"

"பச்சைப் புல்."

"எவ்வளவு?"

"நிறைய. இப்பதான் வெட்டின மாதிரி."

கிளறினாள். காத்திருந்தோம். வகுப்பு நேரம் வந்தது. இன்று வியாழன். "போகலையா?" என்றாள். இல்லை என்றேன்.

மறுபடி கேட்டாள். முகர்ந்தேன். புல் கொஞ்சம் விலகி வேறு ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது. அது என்ன? தேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"தெரியல, யுங்மோய்."

அவள் சிரித்தாள். புத்தாண்டுக் காய்ச்சலுக்குப் பிறகு இந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. "இதைத்தான் அன்னைக்குச் சொல்லியிருக்கணும்" என்று சொல்லி இரண்டு கையையும் கொழுந்துக்குள் விட்டாள். விரல்களால் மடித்துப் பார்த்தாள். தோல் மாதிரி ஆகட்டும் என்றாள். இன்னொரு முறை கிளறினாள்.

வெகுநேரம் கழித்துச் சொன்னேன், கொய்யா.

"பழமா, செங்காயா?"

"செங்காய்."

"அப்ப இன்னும் இல்ல."

காத்திருந்தோம். கொட்டகை முழுக்க அந்தக் கொழுந்துகள் சொல்லிக்கொண்டே இருந்தன. எனக்கு அரைகுறையாகக் கேட்டது. இத்தனை வருஷமாகத் தெளிவாகக் கேட்டவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழம் என்றேன். கொழுந்தை ஒரு முறை அழுத்திப் பார்த்தாள். "இப்ப" என்றாள். அடுப்பை நான் மூட்டினேன்.

செப்டம்பர் 20

போங்கைக் கூப்பிட்டோம். குடித்தார். கோப்பையைக் காலி செய்தார். "நல்லா இருக்கு. ஆனா அண்ணி செஞ்சது இல்லை" என்றார். உண்மையைச் சொல்கிறவர். யுங்மோய் தலையாட்டினாள். அவள் செய்வது போல இனி வராது. ஜூன் மாதக் கொழுந்தும் வராது. அப்படி ஒரு கடி இனி எந்த வருஷம் வருமோ.

அவர் போன பிறகு அவளும் ஒரு கோப்பை குடித்தாள். இனிப்பு தெரிகிறது, துவர்ப்பு தெரிகிறது, நடுவில் ஒன்றுமில்லை என்றாள். நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். பழுத்த கொய்யாவை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்து, மறுநாள் மூடியைத் திறந்த மாதிரி. சரியாகச் சொன்னேனா தெரியவில்லை. அவள் கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தாள்.

செப்டம்பர் 27

வகுப்புக்கு மறுபடி போனேன். கரும்பலகையைத் துடைத்தேன்.

அக்டோபர் 2

மழை.

மதியம் இந்த மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து யுங்மோய் குரல் கொடுத்தாள்.

"கிழவா, சோறு அடிப்பிடிக்குதான்னு வந்து பாரு."

பென்சிலை வைத்துவிட்டுப் போனேன். பானைக்கு மேல் குனிந்து, அவசரப்படாமல் முகர்ந்தேன்.

இல்லை என்றேன். அவள் அடுப்பைத் தணித்தாள்.